நாய்க்குச் சொறி, அலர்ஜி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் சிறிய கடை நடத்துகிறேன். கடைக்கு வருபவர்களும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புபவர்களும் கேட்பதில் பெரும்பாலானவை தோலைப் பற்றியவைதான். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. அதனால் மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை. அது உங்கள் நாயைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டியது.

நாய்னா சொறியத்தானே செய்யும் அக்கா? எப்பக் கவலைப்படணும்?

தூங்கி எழுந்ததும் காதோரம் நாலு தடவை சொறிந்துவிட்டு உடம்பை உதறினால் அதில் ஒன்றுமில்லை. சாப்பாட்டையும் விளையாட்டையும் பாதியில் விட்டுவிட்டுச் சொறிந்தாலோ, நடுராத்திரியில் எழுந்து சொறிந்தாலோ கவனிக்க வேண்டும்.

பலர் தவறவிடும் அறிகுறி நக்குவது. பாதத்தை ஓயாமல் நக்குவது, விரலிடுக்கைக் கடிப்பது, சோபாவில் முகத்தைத் தேய்ப்பது எல்லாமே அரிப்புதான். வெள்ளை முடி நாயின் பாதம் துரு நிறத்துக்கு மாறியிருந்தால் அது எச்சில் கறை. அந்த நாய் பல வாரமாக நக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வாரத்துக்கு எத்தனை தடவை குளிப்பாட்டலாம்? நம்ம சோப்பு போடலாமா?

தோல் நன்றாக இருக்கும் நாய்க்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு குளியல் போதும். அலர்ஜி உள்ள நாயை வாரம் ஒருமுறை மென்மையான நாய் சாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் மேலே ஒட்டிய தூசி போகும், அரிப்பும் கொஞ்சம் தணியும். நம் சோப்பு வேண்டாம். நம் தோல் அமிலத்தன்மை கூடியது, நாயின் தோல் அப்படி இல்லை. நமக்காகச் செய்த சோப்பு அதன் தோலை வறட்சியாக்கும். டெட்டாலும் வேண்டாம். அது தோலை எரிக்கும், நாய் நக்கினால் வாயையும் புண்ணாக்கும்.

என்னைக் கேட்டால், குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவதுதான் பெரிய வேலை. நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். மேல்முடி காய்ந்தது போல் இருக்கும், கையை உள்ளே விட்டால் அடிமுடி சொதசொதவென்றிருக்கும். ஷிட்சு, கோல்டன் ரிட்ரீவர் மாதிரி முடி அதிகமுள்ள நாய்களை வெறுமனே போர்ச்சில் விட்டுக் காய வைக்காதீர்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், அப்புறம் ஃபேன் முன்னால் உட்கார வைத்து, அல்லது சூடில்லாத ட்ரையரால், அடிமுடி வரை உலர்த்துங்கள். மழையில் நடந்து வந்த நாளிலும் விரலிடுக்கு, அக்குள், கழுத்துப் பட்டைக்கு அடிப்பகுதி மூன்றையும் துடைத்துவிடுங்கள்.

ஒரு தெள்ளுப்பூச்சிகூட கண்ணுல படல. அப்போ பூச்சி பிரச்சினை இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கு அலர்ஜி உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள் கணக்கில் அரிக்கும். அரிக்க அரிக்க நாய் கடித்தும் நக்கியும் பூச்சியை விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. அரிப்பு வாலடியிலும் பின்தொடையிலும் முதுகின் கீழ்ப்பாதியிலும் இருந்தால் முதல் சந்தேகம் தெள்ளுதான். மெல்லிய சீப்பால் அங்கே வாரி, சீப்பில் வரும் கறுப்புத் தூளை ஈர டிஷ்யூவில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை, பூச்சியின் கழிவு. நாயின் ரத்தம்தான் அந்த நிறம்.

குளிர்காலம் உள்ள நாடுகளில் சில மாதமாவது தெள்ளு குறையும். நமக்கு வருஷம் முழுக்க அதற்குக் கொண்டாட்டம், அதனால் தடுப்பு மருந்தும் வருஷம் முழுக்க வேண்டும். அஃபோக்ஸோலானர், சரோலானர் மாத்திரைகளை மாதம் ஒருமுறையும் ஃப்ளூரலானர் மாத்திரையை 12 வாரத்துக்கு ஒருமுறையும் தருவார்கள். மூன்றும் உண்ணியையும் கொல்லும். உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களுக்குச் சாதாரணமாக வரும் ஆபத்து என்பதால் அது இரட்டை லாபம். உங்கள் நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் இந்த வகை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டில் எத்தனை நாய், பூனை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் மருந்து தர வேண்டும். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் மெத்தை, பாய், தரையிடுக்கு எங்கும் கிடக்கும். சில மாதம் விடாமல் தொடர்ந்தால்தான் ஒழியும். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அது பூனையின் உயிருக்கே ஆபத்து.

இது அலர்ஜியா, கிருமியா? ஒருத்தர் அலர்ஜிங்கறாரு, இன்னொருத்தர் இன்ஃபெக்‌ஷன்ங்கறாரு.

பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

நாயின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகை பாக்டீரியாவும் மலாசீஸியா என்ற ஈஸ்ட் பூஞ்சையும் எப்போதும் குடியிருக்கின்றன. தோல் நன்றாக இருக்கும்வரை அவற்றால் தொல்லை இல்லை. அலர்ஜியால் தோல் பலவீனமாகி, நாய் சொறிந்து நக்கி ஈரமாக்கியதும் அவை பெருகிவிடுகின்றன. கிருமி பெருகியதால் இன்னும் அரிக்கும், இன்னும் சொறியும். சீழ்க்கொப்புளம், ஓரம் உரியும் வட்டச் செதில், பிசுபிசுப்பு, நாற்றம் ஆகியவை கிருமியின் வேலை. அவற்றுக்கு முன்பே தொடங்கிய அரிப்புதான் அலர்ஜியின் வேலை. கிருமிக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பது ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது மாதிரி. மருந்து முடிந்த சில வாரத்தில் திரும்பி வந்து நிற்பார்கள்.

ஆகவே டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இப்போது தோலில் என்ன கிருமி இருக்கிறது? அது வர அடியில் என்ன காரணம்? முதல் கேள்விக்குத் தோலில் டேப் ஒட்டி எடுத்தோ கண்ணாடித் தகட்டை அழுத்தியோ மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சில நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். சிற்றுண்ணி (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய பூச்சி) இருக்கிறதா என்று பார்க்கத் தோலைச் சுரண்டி எடுப்பார்கள். இந்த எளிய பரிசோதனைகளைச் செய்யும் கிளினிக்கைத் தேடிப் போங்கள். இரண்டாம் கேள்விக்குப் பதில் கிடைக்க மாதங்கள் ஆகலாம். முதலில் தெள்ளு, சிற்றுண்ணி ஆகியவற்றை விலக்குவார்கள், அடுத்து உணவு, கடைசியில் மிஞ்சுவது வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சைத்தூள் போன்றவற்றால் வரும் அலர்ஜி. இந்தக் கடைசி வகை பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். பாதம், முகம், காது, அக்குள், அடிவயிறு அதன் வழக்கமான இடங்கள்.

குளிப்பாட்டி ரெண்டே நாள்ல மறுபடி நாத்தம் அடிக்குது. சாம்பு சரியில்லையா?

அழுக்கு நாற்றம் இரண்டு நாளில் திரும்பாது. புளித்த வாடையும் பிசுக்கும், தோல் தடித்துக் கறுத்துப் போவதும் சேர்ந்திருந்தால் மலாசீஸியா பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். வாசனை சாம்பு எத்தனை போட்டாலும் அது போகாது. குளோர்ஹெக்ஸிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த மருந்து சாம்பு கேளுங்கள். தொடக்கத்தில் வாரம் இருமுறை போடச் சொல்வார்கள்.

சாம்பு வேலை செய்வதும் செய்யாததும் நேரத்தைப் பொறுத்தது. நுரை தோலில் 10 நிமிடம் இருக்க வேண்டும். போட்டவுடனே கழுவினால் காசு தண்ணீரோடு போகிறது. மோசமான இடங்களில் முதலில் தேயுங்கள், கடைசியில் கழுவுங்கள். கைப்பேசியில் நேரம் வையுங்கள். நாயோடு நிற்கும்போது 3 நிமிடமே 10 நிமிடமாகத் தெரியும்.

காதைத் தினமும் பட்ஸ் வச்சுச் சுத்தம் பண்றேன். ஆனாலும் பழுப்பா வந்துகிட்டே இருக்கே?

பட்ஸை நிறுத்துங்கள். நாயின் காதுக்குழாய் வளைந்து போவதால் அது அழுக்கை உள்ளே தள்ளும். நாய்க்கான காது திரவத்தை விட்டு, காதின் அடிப்பகுதியைப் பிசைந்து, நாய் உதறியதும் வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடையுங்கள். காது வலித்தாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ எதையும் ஊற்றாமல் டாக்டரிடம் போங்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மருந்து. ஒரே நாய்க்கு வருஷத்தில் பலமுறை காது கெட்டால் அதற்கும் அடியில் பெரும்பாலும் அலர்ஜி இருக்கும். மேலே சொன்ன இரண்டாம் கேள்வியை இங்கேயும் கேளுங்கள்.

நேத்து ஒண்ணுமே இல்ல. இன்னைக்குக் கன்னத்துல உள்ளங்கை அளவுக்குப் புண்!

இதை ஹாட் ஸ்பாட் என்பார்கள். ஒரு இடத்தை விடாமல் சொறிந்து சில மணி நேரத்திலேயே ஈரப் புண்ணாக்கிவிடும். அடர்ந்த முடி நாய்களுக்கு, மழைக்காலத்தில் அதிகம் பார்க்கிறேன். முடி ஒட்டிக்கொண்டு மூடியிருப்பதால் நாம் பார்ப்பதைவிடப் புண் பெரிதாக இருக்கும். சுற்றியுள்ள முடியைக் கிளிப்பரால் எடுத்துக் காற்றுப்பட வைப்பதே முதல் வைத்தியம். நாய்க்கு நன்றாக வலிக்கும் என்பதால் வீட்டில் கத்தரியோடு முயல வேண்டாம். கிளினிக் போகும்வரை கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். பவுடர், எண்ணெய் எதையும் தடவாதீர்கள்; இரண்டும் மேலே ஏடு கட்டி ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

வேப்பிலை, மஞ்சள், தேங்காய் எண்ணெய்? எங்க பாட்டி காலத்துல இதுதானே!

வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கடைசியாக ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் கிருமி பிடித்த தோலை அது மட்டும் ஆற்றாது. வேப்பெண்ணெயை அப்படியே பூசாதீர்கள், நக்கினால் வாந்தி எடுக்கும். காய்ந்த மூக்கிலும் பாதத் திட்டிலும் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவலாம். ஈஸ்ட் உள்ள பிசுபிசுத் தோலுக்கு வேண்டாம். மஞ்சள் பூசிய நாயைக் கூட்டிவந்தால் புண்ணின் நிறமே டாக்டருக்குத் தெரியாது. டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. இயற்கைப் பொருள் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

சொறி நாய்க்கு வாகன வொர்க்‌ஷாப்பில் இருந்து கறுப்பு எண்ணெய் வாங்கிப் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். தோல் வழியாகவும் நக்குவதாலும் அந்த நச்சு உடம்புக்குள் போகும். சிற்றுண்ணியை ஒழிக்க முன்பு சொன்ன மாத்திரைகளே இப்போது இருக்கின்றன. அவை தெள்ளு, உண்ணியோடு சொறிச் சிற்றுண்ணியையும் கொல்லும்.

கோழிதான் அலர்ஜின்னாங்க. கோழியை நிறுத்திட்டு மீன் குடுக்கறேன். போதுமா?

போதாமல் போகலாம். நாய்களுக்கு உணவு அலர்ஜி தருவதில் அடிக்கடி பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை. நம் வீடுகளில் பலர், "மாட்டிறைச்சியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவருவதில்லை, அது எப்படி" என்று கேட்கிறார்கள். பாக்கெட் பின்னால் படித்துப் பாருங்கள். உலர் உணவிலும் மெல்லும் குச்சியிலும், சில இதயப்புழு மாத்திரைகளிலும்கூட அது இருக்கும். மீன் உணவு என்று முன்னால் பெரிதாகப் போட்டிருக்கும் பையில் கோழிக் கொழுப்பும் இருக்கும்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி விலக்கு உணவு. நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு இறைச்சியோடு ஒரு மாவுச்சத்து, அல்லது புரதத்தை மிக நுண்ணியதாகச் சிதைத்துச் செய்த மருத்துவ உணவு, இரண்டில் ஒன்றை மட்டும் 8 வாரம் தர வேண்டும். உணவு அலர்ஜி உள்ள நாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த 8 வாரத்துக்குள் குணம் காட்டும் என்பதால்தான் அந்தக் கணக்கு. இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். குணம் தெரிந்தால் பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்ப்பார்கள். அரிப்பு திரும்பினால்தான் உணவு அலர்ஜி உறுதி. நன்றாக இருக்கும் நாய்க்கு மீண்டும் கொடுக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் அதைச் செய்யாவிட்டால், தேவையில்லாமல் வாழ்நாள் முழுக்க விலையுயர்ந்த உணவு வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த 8 வாரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நாயின் மேல் பாசமுள்ள வீட்டு ஆட்கள்தான். தாத்தா காலையில் போடும் ரொட்டி சானாய்த் துண்டு, பிள்ளைகள் மைலோவோடு தரும் பிஸ்கட், மாத்திரையை ஒளித்துத் தரும் சீஸ் எல்லாமே கணக்கில் சேரும். தாத்தாவிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்வதைவிட, அந்த விலக்கு உணவிலேயே கொஞ்சம் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு, "தாத்தா, இதை நீங்க குடுங்க" என்று அவர் கையிலேயே கொடுங்கள். என் வாடிக்கையாளர்களில் வெற்றிகரமாக முடித்தவர்கள் பலர் இப்படித்தான் சமாளித்தார்கள்.

முடியை அனுப்பினா எதுக்கெல்லாம் அலர்ஜின்னு லிஸ்டே தர்றாங்களாமே?

முடி, எச்சில் பரிசோதனைகளை நம்பாதீர்கள். உணவு அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனையும் நம்பகமானதில்லை. ரத்தம், தோல் ஊசிப் பரிசோதனைகள் உதவுவது வேறொன்றுக்கு: தூசி, மகரந்த அலர்ஜி என்று டாக்டர் முடிவுசெய்த பிறகு, அந்த நாய்க்கென்றே அலர்ஜித் தடுப்பூசி தயாரிக்க.

ஊசி போட்டா ரெண்டு வாரம் ஜம்முனு இருக்கான். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். என்ன ஊசி என்று பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள், அது உங்கள் உரிமை. கடுமையான அரிப்பைச் சில நாள் அடக்க ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். மாதாமாதம் நீண்டகால ஊசியாகப் போட்டுக்கொண்டே போனால் தண்ணீர் அதிகம் குடித்து, பசி கூடி, வயிறு தொங்கி, தோல் மெலியும். டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி இருக்கும் நாய்க்கு அது நோயை இன்னும் மோசமாக்கும். சுரண்டல் பரிசோதனை முதலில் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டீராய்டு இல்லாமல் அரிப்பை அடக்கும் மருந்துகளும் இப்போது இருக்கின்றன. ஒக்லாசிடினிப் மாத்திரை 12 மாதம் நிறைந்த நாய்களுக்கு. லோகிவெட்மாப் ஊசி ஒருமுறை போட்டால் நாலு வாரம் முதல் எட்டு வாரம் வரை தாங்கும். சைக்ளோஸ்போரின் பலன் தெரிய சில வாரம் எடுக்கும். விலை அதிகம்தான். ஆனால் இவற்றைக் கொடுக்கும்போதும் தெள்ளுத் தடுப்பு, மருந்து சாம்பு இரண்டையும் நிறுத்தக் கூடாது. காற்றில் உள்ள தூசிக்கு வரும் அலர்ஜியை அடக்கி வைக்கலாமே தவிர முழுசாகத் தீர்த்துவிட முடியாது. இதை ஏற்றுக்கொண்ட குடும்பங்களின் நாய்கள்தான் நிம்மதியாக இருக்கின்றன.

ஆன்டிபயாட்டிக் பாதியிலேயே புண் ஆறிடுச்சு. மிச்சத்தை அடுத்த தடவைக்கு வச்சுக்கலாமா?

கூடாது. டாக்டர் சொன்ன நாள்வரை கொடுங்கள், மறுபரிசோதனைக்கும் போங்கள். பாதியில் விட்டு விட்டுக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் உருவாகும். ஏற்கெனவே இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக் கேட்காமல் போயிருந்தால், நாலாவதை ஊகத்தில் தொடங்காமல், கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை கேளுங்கள். மேலோட்டமான தொற்று பல நேரம் முன்பு சொன்ன 10 நிமிடக் குளியலிலேயே அடங்கிவிடும்.

வீட்டுல கைக்குழந்தை இருக்கு. நாய்கிட்ட இருந்து ஒட்டிக்குமா?

அலர்ஜி ஒட்டாது. டெமோடெக்ஸ் குட்டிப் பருவத்தில் தாயிடமிருந்து வருவது, மனிதருக்கு ஒட்டாது. ஒட்டக்கூடியவை முக்கியமாக இரண்டு. சார்காப்டிஸ் என்ற சொறிச் சிற்றுண்ணி காதோரத்திலும் முழங்கையிலும் பொருக்குக் கட்டி, தூங்கவிடாமல் அரிக்கும். நாயைத் தூக்கியவர் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் வரும். நாய்க்குச் சிகிச்சை நடந்தால் நமக்குத் தானாகத் தணியும். இன்னொன்று படர்தாமரை, அதாவது பூஞ்சைப் படை. அது குழந்தைகளுக்கு எளிதில் ஒட்டும். பாக்டீரியா தொற்றின் வட்டச் செதிலும் பார்க்க அதே மாதிரி இருப்பதால் படத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, பரிசோதிக்கத்தான் வேண்டும்.

முடிவு வரும்வரை குழந்தையின் மெத்தையில் நாயை விடாதீர்கள், தொட்டபின் கை கழுவுங்கள். வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. மனிதர்களுக்கும் அரிப்பு இருந்தால் நாயின் டாக்டரிடமும் அதைச் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய துப்பு.

அடிவயிறு மட்டும் சிவந்திருக்கு, மத்த இடமெல்லாம் நல்லாருக்கு. ஏன்?

தரையில் படுவது அடிவயிறு, எனவே தரையைப் பாருங்கள். போர்ச்சை குளோராக்ஸ், பினாயில் ஊற்றிக் கழுவிய ஈரத்திலேயே நாய் படுத்திருக்கலாம். கழுவியபின் வெறும் தண்ணீர் விட்டு அலசி, காய்ந்த பிறகு விடுங்கள். இலையின் அடி ஊதாவாக இருக்கும் தரைப்படர் செடிகளும் சில நாய்களுக்கு வயிற்றில் தடிப்பு வரவைக்கும்.

பத்து வயசு வரைக்கும் ஒண்ணுமில்ல. இப்பத்தான் முடி கொட்டி, சொறி வந்திருக்கு.

வயதான பிறகு முதன்முதலாக வந்தால் அலர்ஜி என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. தைராய்டு குறைவு, உடம்பே ஸ்டீராய்டை அதிகம் சுரக்கும் குஷிங் நோய், சில நேரம் தோல் புற்றுநோய்கூட இப்படித் தொடங்கும். அரிப்பே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுவது சுரப்பிகளைச் சந்தேகிக்க வைக்கும். ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

எத்தனை கிளினிக் மாறினாலும் தீரல, காசுதான் கரையுது. என்ன செய்ய?

மாறுவதை நிறுத்திவிட்டு ஒருவரிடம் தொடர்ந்து போங்கள். புது டாக்டர் ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அவருக்கு எடுத்துப் போக வேண்டியவை: இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயரும் தேதியும், சாப்பாட்டுப் பட்டியல், தோல் மோசமாக இருந்த நாளின் படங்கள். அரிப்பை 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு வாரம் ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். 8இலிருந்து 4க்கு இறங்கியிருந்தால் அந்த மருந்து வேலை செய்கிறது. குறித்து வைக்காவிட்டால் 4ஐயும் நாம் "இன்னும் தீரலையே" என்றே சொல்வோம்.

சிக்கலான கேஸ் என்றால் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கடிதம் தரச் சொல்லி உங்கள் டாக்டரையே கேளுங்கள். கையில் இருக்கும் பணம் குறைவென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தெள்ளுத் தடுப்பு, மைக்ராஸ்கோப் பரிசோதனை, மருந்து சாம்பு மூன்றுக்கும் முதலில் செலவழியுங்கள். வாசனைப் பொருள், வைட்டமின் எண்ணெய், அழகு சாம்பு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்க தாமான்ல ஒரு தெருநாய், உடம்பு முழுக்க முடியே இல்ல. தொடவே பயமா இருக்கு. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், தொடாமலே தொடங்கலாம். படம் எடுத்து, எடை எவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாகச் சொல்லி, ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். சொறிச் சிற்றுண்ணி என்று அவர் கருதினால், மேலே சொன்ன மாத்திரை வகையில் ஒன்றைத் தருவார். அதை ஒரு கவளம் சோற்றுக்குள்ளோ ஈரல் துண்டுக்குள்ளோ வைத்து, அந்த நாய்தான் சாப்பிடுகிறது என்று நின்று பாருங்கள். வேறொரு நாய் தின்றுவிட்டால் பயனில்லை. தோலில் சீழ் இருந்தாலோ எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாலோ மாத்திரை மட்டும் போதாது. பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவை, அதாவது அம்பாங்கில் உள்ள எஸ்பிசிஏ சிலாங்கூரையோ, பினாங்கில் இருந்தால் ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்பிசிஏவையோ கூப்பிட்டு ஆலோசனை கேளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சாப்பாடு வைத்து வந்தால், அடுத்த மாத்திரைக்கு அதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.